பதினேழாம் நம்பரின் பொய்

"பதினேழாம் நம்பர் பொய் எழுதியிருக்கார் தம்பி. பட்டியல்லேர்ந்து அடிச்சிடலாமா?" என்றாள் ஆய்வுக்கூட நர்ஸ் மஸ்துரா.

ஆராய்ச்சியாளன் உமித் நிமிரவில்லை. வேலை நெருக்கடியில் சிக்கி, ஆறுதலுக்கும் ஆளில்லாதவனுக்குத் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. இதை நிரூபிக்கத்தான் நான்கு வருடமாக நமங்கான் நகரில் நாற்பது பேரின் ரத்தத்தைச் சேர்த்திருந்தான்.

"வேலை நெருக்கடி உச்சம், உதவிக்கு ஆள் பூஜ்யம்னு எழுதியிருக்கார். ஆனா நாற்பது பேர்ல இவருக்குத்தான் எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி. இந்த ஆளை விட்டுவெச்சா உங்க ஆராய்ச்சி அம்பேல்."

"பொய் இல்லக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" பதினேழாம் நம்பரின் படிவத்தில் இருந்த தொலைபேசி எண்ணை மேசைத் தொலைபேசியில் சுழற்றினாள்.

உமித்தின் சட்டைப்பையில் கைபேசி மணி அடித்தது.

மஸ்துரா பையைப் பார்த்தாள். "ஆராய்ச்சிக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"பெண்டாட்டி செத்தவன், வேலையில தலையைப் புதைச்சவன். இதைவிட நல்ல சோதனை எலி எங்கக்கா கிடைக்கும்? கடைசியில எலியே மானத்தை வாங்கிடுச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலையில எழுந்து என்ன பண்றீங்க?"

"ஆறு மணிக்கு முகம் கழுவுவேன். டீ போடுவேன். கிண்ணத்துல எதையாவது போட்டுப் பக்கத்து வீட்டு ஹலீமா அக்காகிட்ட கொடுப்பேன். பஸ் பிடிப்பேன்."

"என்ன கிண்ணம்?"

"அவங்க கிண்ணம்தான். வெறுமையா கொடுக்க முடியுமா? நேத்து நான் செஞ்ச புலாவ். அரிசியா கல்லான்னு அவங்க புருஷன் கேட்டார். சாயங்காலம் அது சூப்போட திரும்பி வந்துடும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் அக்கா வாசல்லயே நின்னு திட்டுவாங்க. மறுபடி நான் நிரப்பணும். பதினாலு மாசமா அந்தக் கிண்ணத்தை ஒழிக்க முடியல."

மஸ்துரா படிவத்தை எடுத்து, அந்தப் பூஜ்யத்தை அடித்தாள்.

"படிச்ச முட்டாள்" என்றாள் மெதுவாக. "யாரு ஆரம்பிச்சது இதை?"

உமித் பேனாவை மூடினான். மனைவி சயோரா கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், 'உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா' என்றே சொல்லிவைத்திருந்தான். கேட்பதற்கு அதுதான் நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஹலீமா அக்கா கிண்ணம் நம்மகிட்டயே இருக்கு. வெறுமையா திருப்பிக் கொடுத்துடாதீங்க."