அப்பாவுக்கு விட்ட இடம்

மலேசியாவின் குளுவாங் ஊர் ஸ்டூடியோவில் தேன்மொழி கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள். எதிரே யோகேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் தீபாவளி உடுப்பில் நிற்கிறார்கள். நடுவே ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத கணவனைப் பழைய படத்திலிருந்து எடுத்து, தேன்மொழி பிறகு அங்கே சேர்ப்பாள். “இந்தப் படத்த அனுப்புனா வந்துருவாரு அக்கா,” என்கிறாள் யோகேஸ்வரி. “அப்பாதான் நம்பர மாத்திட்டாரு லா,” என்கிறாள் மகள். “நீ சும்மா சிரி,” என்கிறாள் அம்மா. தேன்மொழி விளக்கை வெற்றிடத்தின் பக்கம் திருப்புகிறாள். “வீட்டுக்காரரு எவ்ளோ ஒசரம்?” யோகேஸ்வரி கையைத் தூக்குகிறாள், தாழ்த்துகிறாள், மறுபடி தூக்குகிறாள். வளையல்கள் முழங்கைக்குச் சரிகின்றன. கை ஓரிடத்தில் நிற்கவில்லை. சின்னவன் அதை அண்ணாந்து பார்த்தபடி நடுவில் வந்து நிற்கிறான். “தள்ளுடா,” என்கிறாள் யோகேஸ்வரி. “அப்பாவ மறைக்கிற.”