ஜாஸ்லின் காரின் பின் ஆக்சில்

“ஜாஸ்லின் காருக்குப் பழைய பின் ஆக்சிலே தாங்குமா, இல்ல ஜீப் ஆக்சில் மாத்தணுமா?” என்று சங்கரபாண்டியன் ஒருநாள் தன் மனைவி ப்ரியாவிடம் கேட்டான்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பில், எந்தக் காருக்கு எந்தப் பாகம் என்பதை ப்ரியாதான் முடிவு செய்வாள். வாடிக்கைக்காரி ஜாஸ்லினின் அந்தக் கார் வாரமெல்லாம் ரோட்டில் ஓடும், ஞாயிற்றுக்கிழமை நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேசுக்குப் போகும். இன்ஜினின் பலத்தைக் கூட்டியாகிவிட்டது. இனி ரேசில் கிளம்பும் வேகத்துக்கு, பின் சக்கரங்களைச் சுழற்றும் பழைய ஆக்சில் தண்டு ஒடிந்துவிடும், ஜீப் ஆக்சில்தான் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் வாசலில் ஜாஸ்லின் சிரித்துக்கொண்டு நின்றாள். “அண்ணாச்சி, நாளைக்கும் வாரேன்!”

தினமும்தான் வருகிறாள். வந்தால் சங்கரபாண்டியனிடம் மட்டும்தான் குசுகுசுவென்று பேசுகிறாள்.

“பழசே தாராளமாத் தாங்கும். ஜீப் ஆக்சில் வெறும் கனம்” என்றாள் ப்ரியா. அவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

ரேசுக்கு முந்தின நாள், ஜாஸ்லின் கார் சாவியைக் கொண்டுவந்து ப்ரியாவின் கையில் வைத்தாள்.

“ஏளா, எனக்கெதுக்கு இது?”

“நான் துபாய்க்கு வேலைக்குப் போறேன்க்கா. காரை உங்களுக்குன்னு அண்ணாச்சி வாங்கியாச்சு. உங்களுக்குத் தெரியாமப் பேசி முடிக்கத்தான் தினமும் வந்தேன். நீங்க ரொம்ப நாளா ஆசைப்பட்ட மாதிரி, நாளைக்கு ரேஸ் ஓட்டப்போறது நீங்கதான்!”

ப்ரியா பதறினாள். “ஐயோ, பழைய ஆக்சில்லயா? எடுத்த எடுப்புலயே ஒடிஞ்சு வீல் கழண்டுருமே!”

ஜாஸ்லினின் சிரிப்பு நின்றது. “நான் ஓட்டியிருந்தா, அக்கா?”

ப்ரியா பக்கத்தில் வேலையாக இருந்த கணவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.