விடைப்பெறுகிறேன்

விருப்பக்குறி இருநூற்று நாற்பத்தொன்றைத் தொட்டபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று.

காலையில்தான் முகநூலில் அறிவித்திருந்தார். 'தணல்மேகன்' என்ற பெயரில் பதினாறு ஆண்டுகளாக அவர் எழுதிவந்த 'எரிமலைச் சாரல்' வலைப்பூ, இன்று மாலை ஆறு மணிக்கு நிரந்தரமாக அழிக்கப்படும். காரணம் அறிய இணைப்பைச் சொடுக்கவும்.

இணைப்புக்கு மேலே அவர் படம். சால்வை போர்த்தி, தாடையில் விரல் ஊன்றி, தொலைவில் எதையோ ஊடுருவிப் பார்க்கிறார்.

பார்த்தது ஸ்விட்ச் போர்டை.

அழிக்கிற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. 'ஐயோ, மூடாதீர்கள்' என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் போதும். உடனே மனம் மாறிவிடுவார். மனம் மாறியது ஏன் என்ற பதிவைக்கூட வெள்ளிக்கிழமையே எழுதி வைத்தாயிற்று.

ஒருவரும் சொல்லாவிட்டால்?

ஊரறியச் சொன்ன சொல். அழித்துத்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் இதை யோசிக்கவில்லை.

'கலக்குங்க அண்ணே.'

'மென்மேலும் வளர வாழ்த்துக்கள்.'

'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் தோழர்.'

சிவகிரியிலிருந்து மச்சான், சால்வை யாருடையது என்று கேட்டிருந்தார்.

கால்நடைத் துறை அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர், 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும்.

இணைப்பைச் சொடுக்கியவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்தார். ஐந்து. அதில் நான்கு, அவரே போய்ப் பார்த்தது.

ஐந்தாவது மனைவியாக இருக்கும். கேட்டார். பூங்கோதை இல்லை என்றாள். பதினாறு வருடமாக எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டாயிற்றாம். அதற்குமேல் படிக்க வேறு வேண்டுமா என்றாள்.

ஐந்து மணிக்கு இருநூற்று எழுபது விருப்பம்.

'மூடாதீர்கள்' மட்டும் வரவில்லை.

ஐந்தரைக்கு, நீக்குகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று சும்மா தேடிப் பார்த்தார். இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளுக்கும் சேர்த்து, சுண்டுவிரல் நகம் அளவில்.

சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பக்கத்தில்தான் அந்த வரியும் இருந்தது. மட்டுறுத்தலுக்குக் காத்திருக்கும் பின்னூட்டம்: 1.

அவர் பார்த்து அனுமதித்த பின்னூட்டங்களே வெளிவரும். எதிரிகள் பாய்ந்து வருவார்கள் என்று செய்த ஏற்பாடு. ஆறு வருடமாகப் பாய்ந்து வந்தது, காலணி விளம்பரத்தைத் தானாகவே அனுப்புகிற ஓர் இயந்திரம் மட்டும்.

திறந்தார்.

'ஐயா, வணக்கம். மூன்றாம் பத்தியில் விடைப்பெறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ப் வராது. விடைபெறுகிறேன் என்பதே சரி. சகாயமேரி, தேவகோட்டை.'

ரத்தம் தலைக்கு ஏறியது.

ஒற்றுப்பிழைக்காகப் பாதி ஈரோட்டைப் பகைத்துக்கொண்டவர் அவர். அவருக்கே பாடமா?

மூன்றாம் பத்திக்கு ஓடினார்.

ப் இருந்தது. கொட்டை எழுத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

திரும்பி வந்தார். பெயருக்குக் கீழேயும் அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

'மூடப்போவதாகச் சொல்வதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்காய்ப் பதிவில் முயற்ச்சி என்று இருக்கிறது. மாமனாரின் ஸ்கூட்டர் பதிவில் என்றன் என்பது எந்தன் ஆகியிருக்கிறது. அருகாமை என்று இதுவரை பதினோரு இடங்களில். அருகில் என்றாலே போதும். ரயிலில் பல்செட் தொலைந்த பதிவில் மட்டும் பிழை கிடைக்கவில்லை. அதை நாலைந்து தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.'

முருங்கைக்காய் எழுதிப் பதினான்கு வருடம் இருக்கும். ஸ்கூட்டர், மகள் பள்ளிக்கூடம் போன காலம்.

'உலகமயமும் உள்ளொளியும்' என்று ஒன்பது பாகம் எழுதியிருந்தார். அதில் பிழை ஏதும் அந்த அம்மாள் சொல்லவில்லை. பிழை இல்லாமல் இருக்க வழியே இல்லை. ஆக, அதை அவர் படிக்கவில்லை.

பல்செட்டை நாலைந்து தடவை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு வயிற்றிலிருந்து வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

பூங்கோதை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆறாச்சு. மூடியாச்சுங்களா?"

"எங்க மூடறது? பதினோரு அருகாமை கெடக்குது."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னூட்டத்தை அனுமதித்தார். மூன்றாம் பத்தியிலிருந்து ப்-ஐப் பிடுங்கினார். வெள்ளிக்கிழமை எழுதி வைத்த, மனம் மாறியது ஏன் என்பதை ஒருமுறை படித்தார். கூச்சமாக இருந்தது. அழித்தார்.

புதிதாக ஒன்று எழுதினார். போன வாரம் அலுவலகத்துக்கு ஊசி போடக் கொண்டுவந்த ஆடு, வருகைப் பதிவேட்டில் பாதியைத் தின்றுவிட்ட கதை. சால்வை, தாடை, விரல் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினார்.

முடித்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். முயற்சி சரி. அருகில் சரி. ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில்.

பிழையே இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசி வரிக்குப் போய், வேண்டாத இடத்தில் ஒரு 'க்' வைத்துவிட்டு, வெளியிட்டார்.