உறையுது சார்

விமானக் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் நெளிந்து டப் டப்பென்று சத்தமிடுகிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து தயாரித்த விமான எரிபொருளை ஆய்வு நிறுவன இயக்குநர் குவளையில் ஏந்தி, கேமராக்களுக்காகக் கண்மூடி முகர்கிறார். "வானத்தையே கழுவப்போறோம்!" என்கிறார். கைதட்டல் எழுகிறது. முதல் பறப்புக்கு இன்னும் பத்து நிமிடம்தான். ஓட்டப்போவது ஆய்வுக்கூடத்துக்காரியின் தம்பி. அவள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோதனைக் குழாயோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வருகிறாள். உயரத்துக் குளிரிலும் நீராய் ஓடவேண்டிய எரிபொருள், குழாய்க்குள் மெழுகாய் வெளுத்து நிற்கிறது.

"சார், உறையுது சார்!"

"உறையிலயா? ஒட்டி என் மேஜையில வைம்மா."

"ஐயோ, கவர் இல்ல சார். கட்டியாகுது!"

"கட்டியா இருந்தா பெரிய கவராப் போடு" என்கிறார், கேமராவுக்குக் காட்டிய சிரிப்பு கலையாமல்.

அவள் விமானத்தை நோக்கி ஓடுகிறாள். தம்பி கடைசிப் படியில் நிற்கிறான். "ஏறாதடா! எண்ணெய்..." மிச்சத்தை, உள்ளே துணை விமானி முடுக்கிவிட்ட இன்ஜினின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. "சைக்கிள் ஏறினப்பவும் இதையேதானே சொன்னே!" என்று கத்துகிறான் அவன், கழுத்து வியர்வையை வழித்தபடி. "இங்க வெந்து சாகறேன்க்கா. மேலே போனா ஜில்லுனு இருக்கும்." கதவு மூடுகிறது.