நாற்பது சட்டைகள்

நுரையீரல் வீட்டில் தன்னையும் சேர்த்து நாற்பது பேர் என்பது காவல் வெள்ளையணுவுக்குத் தெரியும். முகம் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. புரதச் சட்டையைத் தடவிப் பார்க்கும். வீட்டுச் சட்டை இல்லாதவரை விழுங்கிவிடும்.

ஒருநாள் அது எண்ணுகிற மும்முரத்தில் இருந்தபோது, ஒரு பூஞ்சை வித்து அதன் சட்டையையே மெல்ல உருவி மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

எண்ணினால் நாற்பத்தொன்று.

“யாரப்பா புதுசு?”

“என்னைத் தடவிப் பாருங்கண்ணே,” என்றது வித்து.

அசல் வீட்டுச் சட்டை. மற்றவர்களையும் தடவியது. எல்லாம் சரி.

“உங்களைத் தடவிப் பாத்தீங்களாண்ணே?”

தடவியது. வெற்றுடம்பு.

“அப்போ வெளியாள் நான்தானா, தம்பி?”

தன்னைத்தானே விழுங்க வழி தெரியாமல், வெள்ளையணு வெளியே போய் நின்று எண்ணியது. சரியாக நாற்பது. உள்ளே ஏன் அலறுகிறார்கள் என்பதுதான் அதற்குப் புரியவில்லை.