சாலையில் ஒரே பட்டாளக் கோட்டு

"அந்தக் கோட்டு இன்னும் இருக்காம் அப்பா. ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிரலாம், வாங்கோ."

உலகம்மாள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். திரவியம் கீழேயே நின்றார்.

"வேண்டாம் மக்ளே. நாணங்கெட்டது போதும்."

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அந்தப் பழைய ஸ்டுடியோ.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது திரவியத்துக்கு ஆறு வயது. ஒரு நாள் காலையில் அவர் அப்பா பூதலிங்கம் வீட்டில் இல்லை. போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். பட்டாளத்துக்குப் போனேன் என்றார். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவன் என்றது சுசீந்திரம் முழுக்க. அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சி ஒரு போட்டோ. பட்டாளக் கோட்டில் விறைப்பாக நிற்கும் பூதலிங்கம்.

இப்போது அவர் இல்லை. காகிதங்களைச் செல் அரித்துவிட்டது. உலகம்மாள் காலேஜ் லீவு முழுவதும் பட்டாள ஆபீஸ்களுக்கு எழுதினாள், நேரிலும் நடந்தாள். பட்டாள நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

நேற்று சாலையில் இருக்கும் சிநேகிதர் தங்கப்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் எல்லாம் போயிற்று. கூடத்துச் சுவரில் தங்கப்பனின் தாய்மாமன் படம். மஞ்சள் மண்டியில் எடை போட்டே காலத்தைக் கழித்தவர், கரமனை ஆற்றைத் தாண்டாதவர். அவர் மேல் அதே கோட்டு. இடது பையில் அதே கோணல் தையல்.

"அது ஸ்டுடியோ கோட்டுல்லா. அந்தக் காலத்துல பொண்ணு கேட்டுப் படம் அனுப்பணும்னா எல்லாப் பயலும் அதத்தான் மாட்டுவான்," என்று தங்கப்பன் சிரித்தார். "உங்கப்பாவும் அதுலதானா?"

வீட்டுக்கு வந்ததும் திரவியம் தன் அப்பாவின் படத்தைக் கழற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்.

"அப்பா, வாங்கோன்னா."

திரவியம் மெதுவாகப் படியேறினார்.

ஸ்டுடியோக்காரர் நீலகண்டன் உள்ளிருந்து கோட்டை எடுத்து வந்தார். பாச்சை உருண்டை வாடை அடித்தது.

"இதாணு சாரே. சாலையில பாதி ஆளும் யுத்தம் ஜெயிச்சது இதுக்குள்ள நின்னுதான். பின்ன கல்யாணம் கழிஞ்சு வீட்டுல தோத்தாச்சு."

திரவியம் சிரிக்கவில்லை. உலகம்மாள் கோட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். கை தாழ்ந்தது. அவ்வளவு கனம்.

"இது நெசப் பட்டாளக் கோட்டா சாரே?"

"நெசம்தான் மோளே. யுத்தத்துக்குப் போயிட்டு வந்த ஒரு ஆள் அப்ப இந்த ஸ்டுடியோவ நடத்துன எங்க அச்சன்கிட்டக் குடுத்தது. 'இத இனி என் தேகத்துல போட மாட்டேன், ஆசப்படுறவன் போட்டுக்கட்டும்'னு சொன்னாராம். அச்சன் காசு நீட்டியும் வாங்கல்ல. வெறும் பனியனோட தெருவுல எறங்கிப் போனாராம். அச்சன் சாவுற வர அதச் சொல்லிட்டே இருந்தாரு."

உலகம்மாள் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேட்டியா?" என்றார் திரவியம். "ஒருத்தன் போரப் பாத்துட்டு வந்து, போதும்னு கழத்திப் போட்டிருக்கான். எங்கப்பா அத எடுத்து மாட்டிக்கிட்டு எங்கள ஏமாத்தியிருக்காரு. வா, போலாம்."

"அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சிட்டுப் போலாம்ப்பா. பட்டாளத்துல துணிக்கெல்லாம் கழுத்துப்பட்டிக்கு உள்ள நம்பர் போடணுமாம். ஆபீஸ்ல ஒரு ஹவில்தார் சொன்னாரு."

"எவனோ ஒருத்தனுக்கு நம்பர் தேடப் போறியா?"

"நம்ம ஆளுக்குத்தான் இல்ல. இவராவது கெடைக்கட்டுமே. இப்படியொரு மனுசன் பேரு இல்லாம கொக்கியில தொங்கலாமா?"

கழுத்துப்பட்டியின் உள்ளே ஒரு கறுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது.

"வேர்வ படாம இருக்க எங்க அம்ம தைச்சது," என்றார் நீலகண்டன். "பிரிச்சா நீதான் தைச்சுத் தரணும், கேட்டோ." நெகட்டிவ் சுரண்டும் பிளேடை எடுத்து அவரே நீட்டினார்.

உலகம்மாள் தையலைப் பிரித்தாள். நூல் பொடிந்து உதிர்ந்தது. கறுப்புத் துணிக்கு அடியில் மங்கிப்போன மையில் நம்பர் இருந்தது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி.

"என்ன மக்ளே?"

அவள் கோட்டை அவர் பக்கம் திருப்பினாள். திரவியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எழுத்தைப் பார்த்ததுமே காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். பிறகுதான் படித்தார்.

'தாணுமாலையன் மகன் பூதலிங்கம், சுசீந்திரம்.'

"அப்பா," என்றாள் உலகம்மாள், மூச்சு வாங்க. "தாத்தா ஸ்டுடியோ கோட்டப் போட்டுப் படம் எடுக்கல்ல. சாலைக்காரன் அத்தன பேரும் நம்ம தாத்தா கோட்டப் போட்டுல்லா எடுத்திருக்கான். இனிமே தங்கப்பன் மாமா வீட்டுச் சுவரப் பாத்தா நாம சிரிக்கணுமா, கும்பிடணுமா, நீங்க என்ன சொல்லுதீங்க?"