ஆனி மாதத்துக் கிறிஸ்துமஸ்

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. வர்ற இருவத்திநாலாந் தேதி நம்ம பாப்பாவுக்குப் பொறந்தநாள். இந்த வீரபாண்டியில இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கொண்டாடியிருக்கக் கூடாது, இனிமேலும் கொண்டாட முடியக் கூடாது. தீம், கிறிஸ்துமஸ்."

மகுடேஸ்வரன் எழுந்து நின்று இதை அறிவித்தார். குழந்தைகள் பனியன் ஏற்றுமதி செய்யும் முதலாளி எழுந்து நின்றால், கான்பரன்ஸ் ஹாலில் ஏசியைத் தவிர யாரும் மூச்சு விடுவதில்லை.

நடப்பது ஆனி மாதம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்பது அனுப்ரியாவுக்கு மட்டும்தான் உறைத்த மாதிரி தெரிந்தது.

அவள் பல்லடத்தில் 'விழா அமைப்பாளர்' என்று போர்டு மாட்டி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை நடத்திக் கொடுத்தது நான்கு காதுகுத்து, ஒரு கோழித்தீவனக் கடைத் திறப்பு விழா. மகுடேஸ்வரன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது நல்லபடியா நடந்துச்சுன்னா எல்லாத்தையும் உங்களுக்கே குடுத்தர்றேன் அம்மிணி. நமக்கு வருசத்துக்கு ஏழு பொறந்தநாள் வரும்."

பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஏழும் கிடைத்தால் போர்டு நிற்கும். கிடைக்காவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு, அப்பாவின் தறிக்குடோனில் போய் நூல் கோன் அடுக்க வேண்டியதுதான்.

"பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க சார்?"

மகுடேஸ்வரன் திரும்பி மேனேஜர் சுரேந்தரைப் பார்த்தார். சுரேந்தர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சுங்க" என்றான்.

"பேருங்க? பேனர்ல போடோணும்."

"பேரெல்லாம் வேண்டாம். சும்மா ஹாப்பி பர்த்டேன்னு போட்டாப் போதும்" என்று முதலாளி கையை வீசி முடித்துவைத்தார்.

பெற்ற மகளின் வயதை ஃபைலில் பார்த்துச் சொல்கிற அளவுக்கு வேலை இருப்பவர்கள்தான் முன்னுக்கு வருவார்கள் என்று அனுப்ரியா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் விருந்தினர் பட்டியல் வந்தது. இரண்டு-மூன்று வயது, நான்கு பேர். மூன்று-நான்கு வயது, எட்டு பேர். நான்கு-ஐந்து வயது, எட்டு பேர். ஐந்து-ஆறு வயது, நான்கு பேர். பெயர் என்று ஒன்றுகூட இல்லை. யார் வீட்டுக் குழந்தைகள் என்று போன் போட்டுக் கேட்டாள். அது இன்னும் முடிவாகவில்லை, நெஞ்சளவு மட்டும் எடுத்தாயிற்று என்றான் சுரேந்தர்.

அடுத்து சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. சாக்லேட் கூடாது. கிரீம் கூடாது. திராட்சை ஜூஸ் கூடவே கூடாது. கேக் வெள்ளையாக, வெறும் கேக்காக இருக்க வேண்டும். வெட்டலாம், குழந்தைகள் தொடக் கூடாது. பசித்து அழுதால் தண்ணீர் கொடுக்கலாம். பனிக்கு கட்டிங் செக்‌ஷனின் வெள்ளை வேஸ்ட் துணி. அது பறந்துவிடும் என்பதால் ஃபேன் போடக் கூடாது.

இருபத்திநாலாம் தேதி, வியர்வை ஊற்றும் பனிப்பொழிவில், இருபத்திநான்கு குழந்தைகள் கலைமான் படம் போட்ட சிவப்புப் பனியனில் உயர வரிசைப்படி நின்றார்கள். பஞ்சுத் தாடி ஒட்டிய தையல் மாஸ்டர் கந்தப்பன் மணி ஆட்டினார். முக்கிய விருந்தாளியாக ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்க வந்திருந்த பையர் அம்மா ஒவ்வொரு குழந்தையின் கன்னத்தையும் தட்டினார். பிறகு கழுத்துப் பட்டியை இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையைத் திருப்பி நிறுத்தி முதுகுத் தையலைப் பார்த்தார்.

அனுப்ரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் பிறந்தநாளை வைத்தே சாம்பிள் காட்டுகிறார் மனுஷன். கேக்குக்கு முன்னால் நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறந்தநாளில் ஒரு காரியமாவது பிறந்தநாள் மாதிரி நடக்கட்டும் என்று, கேக் வெட்டியதும் விதியை மீறிக் குனிந்து காதில் சொன்னாள்: "முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டு கண்ணு."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பனியனில் ஒரு துளி பட்டால் ஏழும் போச்சு.

குழந்தை ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் கேமராக்காரர் தயாரானார். மகுடேஸ்வரன் குனிந்து, வாயை அகலத் திறந்து காத்திருந்தார்.

குழந்தை அவரைத் தாண்டிப் போனது. பையர் அம்மாவைத் தாண்டிப் போனது. வேஸ்ட் துணிப் பனியை மிதித்துக்கொண்டு மூலைக்குப் போய், கழுத்தில் துண்டோடு நின்ற அயர்ன் மாஸ்டர் பொன்னுச்சாமியின் வாயில் கேக்கை வைத்தது.

மகுடேஸ்வரன் திறந்த வாயை வீணாக்கவில்லை. "வீ ஆர் ஆல் ஒன் ஃபேமிலி" என்று சொல்லி மூடினார். பையர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே ஆர்டரை உறுதி செய்தார்.

அனுப்ரியா சுரேந்தரை ஓரமாக இழுத்தாள். "ஏனுங்க, சார் பொண்ணு எதுக்குங்க அயர்ன் மாஸ்டருக்கு ஊட்டுது?"

"அது அதோட அப்பனுக்குத்தானுங்க ஊட்டுச்சு. மார்ச்சுல பிரான்ஸ்காரங்க வந்தப்ப வேற பாப்பாங்க மேடம். அது வளந்துருச்சு, சைஸ் பத்தல." ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினான். "சார் உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டாரு. ஆவணியில ஈஸ்டர் பொறந்தநாள். பாப்பாவுக்கு மூணு வயசு."

மகுடேஸ்வரனுக்கு ஒரே மகள், கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படிக்கிறாள், பையர்கள்தான் ஏழு பேர்.